மீசைக்கு நஷ்டஈடு

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. நீங்க போன்ல பேசுனது பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற எனக்கு விழாம எங்க போகும்? நான் என்ன, காதைப் பொத்திக்கிட்டா வர முடியும்? அடிச்சவன் மேல போலீஸ் கேஸு ஆயிருச்சு, அதோட விட்ருவோம்னு சொன்னீங்கள்ல, அங்கதான் எனக்குப் பொறுக்கல. உங்க கையில மாவுக்கட்டு. வேலைக்குப் போக முடியாது. அவன் ஜெயிலுக்குப் போனா உங்களுக்கு என்ன வந்துச்சு? அவனுக்காவது கவர்மெண்டு சோறு. உங்களுக்கு?

சிவில்ல போடுங்க தம்பி. நஷ்டஈடு கேட்டுப் போடுங்க. போலீஸ் கேஸு தனி, இது தனி. அது கவர்மெண்டுக்கும் அவனுக்கும். இது உங்களுக்கும் அவனுக்கும். நான் போட்டேன். போட்டு ஜெயிச்சேன். ஜெயிச்ச மனுசன் சொல்றேன், கேட்டுக்கங்க.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். பேரு ஒச்சப்பன். மதுரையில ஒரு பெரிய அசைவ ஓட்டல், பேரு எதுக்கு, அதோட வாசல்ல நின்ன ஆளு நான்தான். தலப்பாகை, சிவப்புக் கோட்டு, இடுப்புல பட்டை. கார் வந்து நின்னா விறைப்பா ஒரு சல்யூட்டு. அப்ப என் மீசை காது வரைக்கும் போயித் திரும்பும் தம்பி. கறிச்சோறு திங்க வந்தவங்க பாதிப் பேரு, என் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க வந்தவங்க மீதிப் பேரு. பெருமைக்குச் சொல்லல, அப்படித்தான் இருந்துச்சு. மொதலாளி சம்பளம் குடுத்தது எனக்கா மீசைக்கான்னு கேட்டா, மீசைக்குத்தான். அதைச் சொல்றதுல எனக்கு வெக்கமில்ல.

அந்த மீசையைத்தான் வெட்டிப்புட்டான். யாரு? வெளியாளா? என் பொண்டாட்டி பெருமாயியோட கூடப் பொறந்த தம்பி. சோலைராசு. என் சொந்த மச்சினன்.

அவெய்ங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். முதல் பந்தியில நான் நடுவுல உக்காந்திருக்கேன். இந்தப் பய வந்து என் பக்கத்து இலையில உக்காரப் போனான். அப்ப அவனுக்கு மீசைன்னு பேருக்கு ஒரு கோடு, பென்சில்ல இழுத்த மாதிரி. நான் சும்மா வெளையாட்டுக்கு, "டேய், இது மீசை மொளச்ச ஆம்பளைங்க பந்தி, நீ போயிப் பொம்பளைங்க பந்தியில உக்காரு"ன்னேன். மாமன் மச்சினன் கேலி, அதுல என்ன தப்பு? பந்தியே சிரிச்சுச்சு. எதுத்தாப்புல ஒரு குடும்பம் உக்காந்திருந்துச்சு. அவெய்ங்க அன்னைக்கு இவனை மாப்பிள்ளை பாக்க வந்தவங்களாம். அது எனக்குத் தெரியுமா? தெரியும், பெருமாயி காலையிலயே சொன்னா. ஆனா அந்த நேரத்துல ஞாபகம் இருக்கணும்ல? அந்த வரன் அப்புறம் கூடி வரல. அதுக்கும் நான் சொன்னதுக்கும் முடிச்சுப் போட்டா நான் என்ன செய்ய?

சாப்பிட்டு மண்டபத்துல ஒரு ஓரமா பாயைப் போட்டுப் படுத்தேன். கறிச்சோறு, ஃபேன் காத்து. நல்லா அசந்துட்டேன். இந்தப் பய பூக்கட்டுற பொம்பளைகிட்ட இருந்து கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்து, கரக்குன்னு ஒரு பக்கத்தை வெட்டிப்புட்டான். ஒரு பக்கம் மட்டும் தம்பி! ரெண்டையும் வெட்டியிருந்தாக்கூட மனுசன் வேற மாதிரி ஆயிட்டான்னு விட்ரலாம். ஒத்தப் பக்கத்தோட எந்திரிச்சு, எனக்கே தெரியாம, மண்டபம் முழுக்க ஒரு சுத்து சுத்தி மொய் எழுதிட்டு வந்துருக்கேன்.

அப்படியே ஸ்டேசனுக்குப் போனேன். மிச்சத்தை வழிக்கல. அதான் சாட்சி. துண்டால மூடிக்கிட்டுப் போயி, ஏட்டையா முன்னாடி துண்டை எடுத்தேன். அவரு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. எனக்காகக் கண்ணு கலங்குன மொத ஆளு அந்த ஏட்டையாதான்.

கேஸு கோர்ட்டுக்குப் போச்சு. இவன் மழுப்பல. "ஆமாய்யா, நான்தான் வெட்டுனேன்"னு ஒத்துக்கிட்டான். கோர்ட்டு கலையிற வரைக்கும் உள்ள உக்காரு, இம்புட்டு அபராதம் கட்டுன்னாங்க. உக்காந்தான், கட்டுனான், வீட்டுக்குப் போயிட்டான். அபராதம் யாருக்குப் போச்சு? கவர்மெண்டுக்கு! மீசை என்னுது, காசு கவர்மெண்டுக்கு. நான் எந்திரிச்சுக் கேட்டே புட்டேன். மாஜிஸ்ட்ரேட்டு ஐயா, "வேலை போச்சு, சம்பளம் போச்சுன்னா அதுக்கு சிவில் கோர்ட்டுல தனியா வழக்குப் போடலாம் பெரியவரே"ன்னாரு. அப்பத்தான் எனக்கே வெளிச்சம் வந்துச்சு.

வேலை போச்சா? போகாம? மீசை இல்லாம வாசல்ல நின்னு சல்யூட் அடிச்சா, சாப்பிட வந்தவன் பில்லு கட்டச் சொல்றேன்னு நெனச்சு பர்ஸை எடுக்குறான். மொதலாளி நல்ல மனுசன். "வளந்ததும் வாங்க ஒச்சப்பன்"னு அனுப்பிட்டாரு.

வக்கீலு ஞானசிகாமணின்னு ஒருத்தரைப் பிடிச்சேன். அவரு சொன்னதை அப்படியே சொல்றேன், உங்களுக்கு ஆகும். போலீஸ் கேஸுல தண்டனை ஆயிருச்சுன்னு சிவில்ல கையைக் கட்டிட்டு நிக்கக் கூடாது. இங்க நம்மதான் முதல்ல இருந்து நிரூபிக்கணும். ஆனா அங்க மாதிரி எள்ளளவு சந்தேகமும் இல்லாம நிரூபிக்க வேண்டியதில்ல. நம்ம சொல்றதுதான் நடந்திருக்கும்னு தட்டு நம்ம பக்கம் கொஞ்சம் சாஞ்சாப் போதும். இவன் அங்க ஒத்துக்கிட்டதோட நகல் வாங்கி வச்சதுல பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் என்ன நஷ்டம்னு காட்டணும். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாத்தையும் பத்திரமா வைங்க. நான் வெள்ளைக்காரங்களோட நின்ன போட்டோவெல்லாம் குடுத்தேன். கேக்குற தொகைக்குத் தக்கன கோர்ட்டு ஸ்டாம்புக்குக் காசு கட்டணும், அதனால வாய்க்கு வந்ததைக் கேட்டுறாதீங்க. நான் கேட்டேன். ஸ்டாம்புக்கு எம்புட்டுன்னு தெரிஞ்சதும் மன உளைச்சலைப் பாதியாக் கொறச்சுக்கிட்டேன்.

வழக்குன்னா வாய்தாதானே. ஒரு தடவை ஜட்ஜு லீவு, ஒரு தடவை வக்கீலு வீட்ல விசேசம், ஒரு தடவை யாரும் எதுவும் சொல்லாமலே தேதி போட்டாங்க. இதுக்குள்ள மீசை என்ன செஞ்சுச்சுன்னு கேளுங்க. வளந்துருச்சு! அது பாட்டுக்கு வளருது தம்பி, கேஸு நடக்குதேங்குற நெனப்பே இல்லாம. வக்கீலு பாத்தாரு. "என்னங்க இது, மீசை போச்சுன்னு கேஸு போட்டுட்டு மீசையை முறுக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க, ஜட்ஜு என்ன நெனப்பாரு?"ன்னாரு. அவரு அம்புட்டுத்தான் சொன்னாரு. எடுக்கச் சொல்லல. எடுத்தது என் புத்திசாலித்தனம். வெள்ளிக்கிழமை தவறாம சீனிச்சாமி சலூனுக்குப் போயி மழுங்க வழிச்சிருவேன். முதல் தடவை கண்ணுல தண்ணி வந்துச்சு. வழக்குன்னா சும்மாவா, நாமளும் கொஞ்சம் தியாகம் பண்ணணும்ல. நாலு வருசம் பண்ணேன்.

அந்த நாலு வருசமும் ஓட்டல் வாசல்ல யாரு நின்னான்னு நெனைக்கிறீங்க? சோலைராசு! அந்தப் பென்சில் கோட்டை வெறியா வளத்து, என் கோட்டை மாட்டிக்கிட்டு, என் வாசல்ல நிக்கிறான். "எங்கக்கா வீடு பட்டினி கிடக்கக் கூடாது மொதலாளி, வேலை போட்டுக் குடுங்க"ன்னு கெஞ்சுனானாம். பாத்தீங்களா நடிப்பை. வெட்டுறதையும் வெட்டிட்டு, வேலையையும் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு அக்கா பேரு வேற.

நான் அவனை வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்ல காப்பி குடிச்சா கேஸு என்ன ஆகும்? பெருமாயியைப் பத்தி ஒண்ணு சொல்லணும் தம்பி, கெட்டிக்காரி. நாலு வருசம் எனக்கு வருமானமே இல்ல. மாசம் பொறந்தா ஒரு மூட்டை அரிசி, பருப்பு, எண்ணெய், எல்லாம் வீட்ல இறங்கிரும். எப்படிடீன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. அம்புட்டு செட்டாக் குடும்பம் நடத்துவா. இப்ப கொஞ்ச நாளா மூட்டை சிறுசாப் போச்சு. வெலவாசி அப்படி இருக்கு.

கடைசியா ஒரு நாள் என்னையக் கூண்டுல ஏத்துனாங்க. அவன் பக்கம் வக்கீலு ஒரு சின்னப் பொண்ணு, காலேஜுப் பிள்ளை மாதிரி இருக்கு. இது என்னத்தக் கேக்கப் போகுதுன்னு நெனச்சேன். அந்த வக்கீலம்மா ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சு.

"ஐயா, வெட்டுன மீசை திரும்ப வளருமா, வளராதா?"

"மத்தவங்களுக்கு வளரும்மா. எனக்கு மனசு ஒடஞ்சு போச்சு, வளரல."

"தலைமுடி வளருதா?"

"வளருது."

"மனசு ஒடஞ்சது மேல் உதட்டை மட்டும்தான் பாதிச்சுச்சுங்களா?"

"அங்கதானம்மா வெட்டுனான்!"

நச்சுன்னு சொன்னேன்ல? உடனே அந்தப் பொண்ணு ஒரு சாட்சியைக் கூப்பிட்டுச்சு பாருங்க. யாரு வந்தது? சீனிச்சாமி! என் சலூன்காரன்! வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கிட்டு வந்து நிக்கிறான்.

"ஐயா, சத்தியம் பண்ணிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஒச்சப்பண்ணே வெள்ளிக்கிழமை தவறாம வருவாரு. மேல் உதட்டை மட்டும் ரெண்டு தடவை இழுக்கச் சொல்லுவாரு. நல்லா வளர்ற முடிண்ணே, பாவமா இருக்குண்ணேன்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

துரோகி. நாலு வருசம் அவன் கடையில காசு குடுத்துருக்கேன் தம்பி, ஒரு நாள் கடன் சொன்னதில்ல. ஜட்ஜு ஐயா கைக்குட்டையை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டாரு. தோளெல்லாம் குலுங்குது. பாவம், நல்ல சளி. அந்த ஒடம்போட வந்து உக்காந்து என் கேஸைக் கேட்டாரு பாருங்க, அவரு மனுசன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்துச்சு. வெட்டுனது வெட்டுனதுதான், அதுக்கு சோலைராசு நஷ்டஈடு குடுத்தே ஆகணும். கேட்டதுல கொஞ்சம் கொறச்சுட்டாங்க. ஒரு மீசை திரும்ப வளர எம்புட்டு நாள் ஆகுமோ அந்த நாள் சம்பளமும், பட்ட அவமானத்துக்கு ஒரு தொகையும். அதுக்கு மேல உள்ள நஷ்டத்தை வாதி தனக்குத்தானே செஞ்சுக்கிட்டாருன்னு எழுதியிருக்காம். எழுதுனா எழுதிட்டுப் போகட்டும். ஜெயிச்சது யாரு? தீர்ப்புல எங்க பேரு ரெண்டுல எது மேல இருக்கு?

அன்னைக்கே சீனிச்சாமி கடைப்பக்கம் போறதை நிறுத்திட்டேன். இப்ப நீங்க பாக்குற மீசை அதுக்கப்புறம் வளந்தது. பாருங்க, பழைய நீளம் வந்துருச்சு. தொட்டுப் பாக்கணும்னா பாக்கலாம், வெக்கப்படாதீங்க.

ஆனா தம்பி, தீர்ப்பு கைக்கு வந்தா காசு தானா நடந்து வராது. அதுக்கு நிறைவேற்று மனுன்னு இன்னொண்ணு போடணும். இவனுக்கு நெலம் கெடையாது, வீடு கெடையாது. இருக்கிறது அந்த வாசல் வேலை ஒண்ணுதான். அதனால அவன் சம்பளத்துல மாசா மாசம் ஒரு பங்கைப் பிடிச்சு கோர்ட்டுல கட்டணும்னு ஓட்டலுக்கு உத்தரவு வாங்கிட்டேன். வருது. கொஞ்சம் கொஞ்சமா வருது. வக்கீலுக்குக் குடுத்தது போக டீச்செலவுக்கு ஆகுது.

இப்பத்தான் சிக்கல் வந்துச்சு. அடிவாரத்துக் கருப்பசாமிக்கு இவன் ஒரு வேண்டுதல் வச்சிருக்கான். "கேஸு முடிஞ்சு நான் எங்கக்கா வீட்டுப் படி ஏறணும் சாமி. ஏறிட்டா என் மீசையைக் காணிக்கையாக் குடுக்குறேன்"னு. சம்பள உத்தரவோட கேஸு முழுசா முடிஞ்சதும் பெருமாயி என்னைய ஒரு வார்த்தை கேக்காம அவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டுட்டா. படி ஏறிட்டான். இப்ப மீசையைக் குடுக்கணுமாம். நின்ன நிலையில அழுகுறான், "சாமிக்குச் சொன்னது மாமா"ன்னு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. மீசையை எடுத்தா வேலை போகும். வேலை போனா சம்பளம் இல்ல. சம்பளம் இல்லாட்டி நான் எதைப் பிடிக்கிறது? சாமி பேரைச் சொல்லி கோர்ட்டுக்கே டிமிக்கி குடுக்கப் பாக்குறான்!

மொதலாளிகிட்ட ஓடுனேன். அந்த மனுசனுக்கு என் கஷ்டம் புரியல. "எடுத்தா எடுக்கட்டுமே ஒச்சப்பன். உங்க மீசைதான் வந்துருச்சே. நீங்க வந்து பழையபடி நில்லுங்க. கோட்டுகூட உங்க அளவுக்குத் தைச்சதுதான்"ங்கிறாரு. நான் சொன்னேன், "மொதலாளி, நான் வந்து நின்னா அவனுக்கு வேலை போயிரும். அப்புறம் என் தீர்ப்பு என்னாகுறது?" அவரு என் மூஞ்சியவே பாத்தாரு. படிச்சவங்களுக்கும் சட்டம் எல்லாம் தெரியும்னு சொல்ல முடியாது.

வீட்ல பெருமாயி அதுக்கு மேல. "யோவ், உனக்கு வேலை வருது, முழுச் சம்பளம் வருது. மீசை வேணும், வேலை வேணும்னுதானய்யா கேஸுக்கே போன? ரெண்டும் சும்மா வீடு தேடி வருது, வேணாங்குறியே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னா. முழுச் சம்பளம் யாருக்கு வேணும்? வேலைக்கு யாரு வேணும்னாலும் போகலாம். கோர்ட்டு உத்தரவு போட்டு வர்ற காசு எத்தனை பேருக்கு வரும்? பொம்பளைக்கு அது எங்க விளங்கப் போகுது.

நேரா கோயிலுக்குப் போயி பூசாரியக் கேட்டேன். "காணிக்கைக்கு சோலைராசு மீசையேதான் வேணுமா, இல்ல குடும்பத்துல வேற மீசை ஆகுமா?" அவரு உள்ள போயி சாமியப் பாத்துட்டு வந்தாரு. "அவன் சார்பா மாமன் மச்சான் யாராவது மனசாரக் குடுத்தா கருப்பன் ஏத்துக்குவான். ஆனா மீசை நல்ல மீசையா இருக்கணும்"ன்னாரு.

அதுக்குத்தான் தம்பி போயிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் நாள் குறிச்சிருக்கு. அவன் மீசை இருக்கணும்ல, அதுக்காக என் மீசையைக் குடுக்குறேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வலிக்காதான்னு கேட்டா, வலிக்கும். இன்னைக்குக் காலையில கண்ணாடி முன்னாடி உக்காந்து ரொம்ப நேரம் முறுக்கி விட்டுக்கிட்டே இருந்தேன். பெருமாயி வந்து பாத்தா. தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டா. ஆனா ஒரு விசயம் நெனச்சுப் பாருங்க. மொத தடவை அவனா வெட்டுனான், அது குத்தம். அப்புறம் நானா எடுத்தேன், அது கேஸுக்கு. இப்ப சாமிக்குக் குடுக்குறேன், அது புண்ணியம். கஷ்டப்பட்டு வாங்குன தீர்ப்பைக் காப்பாத்த வேண்டாமா?

நீங்களும் போடுங்க தம்பி, யோசிக்காதீங்க. போடுறதுக்கு முன்னாடி உங்களை அடிச்சவன் என்ன வேலை பாக்குறான், ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கானான்னு மட்டும் விசாரிச்சுக்கங்க. தீர்ப்பு வந்த நாள்ல இருந்து அவனை நீங்கதான் பாத்துக்கணும். நான் சோலைக்கு மீசையில தடவ வாரம் ஒரு தடவை வெளக்கெண்ணெய் வாங்கிக் குடுக்குறேன். போன மாசம் காய்ச்சல்னு படுத்துட்டான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கஞ்சி வச்சுக் குடுத்து, ராவும் பகலும் பக்கத்துலயே இருந்தேன். லீவு போட்டா சம்பளம் கொறையும்ல.

கண்டக்டரே, கோயில் ஸ்டாப்புல நிறுத்துங்க! எறங்கணும்!

அந்தா நிக்கிறான் பாருங்க, ஆர்ச்சுகிட்ட. பாத்தீங்களா மீசையை? என்னமா வளத்திருக்கான்! சும்மா சொல்லக் கூடாது, என் வாசலுக்கு ஏத்த மீசைதான். ஆனா அறிவு இல்ல பாருங்க, நடு வெயில்ல நிக்கிறான். கொஞ்சம் வழி விடுங்க தம்பி, கை பத்திரம்.

டேய் சோலை! நிழல்ல போயி நில்லுடா, ஒடம்புக்கு ஆகாது! நான் வந்துட்டேன்!